கொழும்பில் ஜிஞ்சர் பியர் செய்து விற்க: லேபல் அடிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுப் பின்னறையில், ஒரு அட்டைப் பெட்டிக்குள் 2,000 லேபல்கள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் சீனி அளவு பிழை. ஒன்றைக்கூட ஒட்ட முடியவில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தொழிலில் இறங்கப்போகும் யாருக்காவது சரியான வரிசையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். அதற்காகத்தான் இது.

நான் முதலில் நினைத்தது கிராஃப்ட் பியர். தானே பியர் வடித்து, அதே கூரையின் கீழ் ஊற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன பப் போடுவது ஆசை. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். அந்த அனுமதிப்பத்திரம் என் போன்ற சின்ன ஆளின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்று தெரிந்ததும், வாங்கிவைத்த கெக்கையும் (பானத்தை அழுத்தத்தில் வைக்கும் உலோகப் பீப்பாய்) டெப்பையும் (அதிலிருந்து ஊற்றும் குழாய்) வைத்துக்கொண்டு, மதுசாரம் இல்லாத ஜிஞ்சர் பியருக்கு மாறினேன். போயா நாளில் மது விற்பனை நிற்கும். வருடத்தில் குறைந்தது 12 போயா. அன்றைக்கு உணவகங்கள் நல்ல குளிர்பானத்தைத் தேடும். அந்த இடம் எங்களுக்கானது.

1. ஈஸ்ட் போடாதீர்கள்

பழைய முறையில் ஜிஞ்சர் பியர் ஈஸ்டில் புளித்துத்தான் நுரைக்கும். வீட்டில் நத்தாருக்கு அப்படிச் செய்து குடித்தவர்கள் பலர். விற்பனைக்கு அந்த முறை வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 1 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றாலே சுமார் 0.6 வீதம் மதுசாரம் வந்துவிடும். போத்தலில் அதைவிடப் பல மடங்கு சீனி மிச்சம் இருக்கும். வெயிலில் இரண்டு நாள் நின்றால் எவ்வளவு புளிக்கும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. அது மதுவரித் திணைக்களத்தின் எல்லைக்குள் போகும் விஷயம்.

ஆகவே இஞ்சிப் பாகைச் சூடாக்கி, ஆறவைத்து, குளிர் நீரில் கலந்து, சிலிண்டரிலிருந்து கார்பனீரொட்சைட்டு ஏற்றுங்கள். இந்தத் தீர்மானத்தை முதல் நாளே எடுத்தால், பிறகு எந்த அலுவலகத்திலும் "இது புளிக்க வைத்ததா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லலாம்.

2. இடமும் வீட்டுக்காரரின் கையெழுத்தும்

சொந்த வீடு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். வாடகை வீடு என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். வாடகை ஒப்பந்தத்தில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தால், அடுத்து போகும் ஒவ்வொரு கவுண்டரிலும் அந்த வரி உங்களை மறிக்கும்.

என் வீட்டுக்கார அன்ரி நல்லவர். ஆனாலும் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"தம்பி, வியாபாரம் எண்டு பதிஞ்ச பிறகு சோலைவரியைக் கூட்டிப்போட்டா ஆர் கட்டுறது?"

"கூடினதை நான் கட்டுறன் அன்ரி. எழுதியே தாறன்."

எழுதிக் கொடுத்தேன். அவரும் அடுத்த நாளே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். நான்கு மாதம் கழித்துக் கேட்டிருந்தால், இவ்வளவு செலவழித்த பிறகு அவர் மறுத்தால் என்ன செய்வது என்ற பயத்தோடு கேட்டிருப்பேன்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதி, கரண்ட் பில், தண்ணீர் பில். தொடர்மாடி வீடு என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதமும் கேட்பார்கள். அது கிடைப்பது கடினம். தரைத்தளத்தில் ஒரு அறை தேடுவது நல்லது.

3. வியாபாரப் பெயர்

கொழும்பு நகருக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் என்றால் கொழும்பு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் திம்பிரிகஸ்யாய. தொழில் நடக்கும் முகவரிதான் கணக்கு. நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்து மாறிப் போய்விடாதீர்கள். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கலாம், தமிழில் நிரப்பலாம். எந்த அலுவலகத்துக்கு என்ன கொண்டுபோவது என்று சந்தேகம் வந்தால் 1919 இல் அரசாங்கத் தகவல் நிலையத்தை அழையுங்கள், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் முதலில் தேவைப்படும். அவர் எந்தெந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் வெளிக்கள வேலையில் இருப்பார், உங்கள் அரை நாள் போய்விடும்.

எனக்கு நடந்த சிக்கல் பெயர் எழுத்தில். அடையாள அட்டையில் (ஐ.சி.) என் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, குத்தகை ஒப்பந்தத்தில் இன்னொரு மாதிரி. ஒரே ஒரு 'ன்' வித்தியாசம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நம்மில் பாதிப் பேருக்கு இது இருக்கும். சத்தியக்கடதாசி எழுதி முடிக்க ஒன்பது நாள் போனது. ஒப்பந்தம் எழுதும்போதே ஐ.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

தொழிலின் தன்மை என்ற இடத்தில் "வியாபாரம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "மதுசாரமற்ற பானம் தயாரித்தலும் விற்பனையும்" என்று முழுதாக எழுதுங்கள். 'பியர்' என்ற சொல் பெயரில் இருந்தால் விளக்கம் கேட்பார்கள். கேட்க முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் உங்களுடையது என்று எண்ண வேண்டாம். வர்த்தகக் குறி வேறு. அது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பு 10 இல் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவது. குளிர்பானமும் பியரும் ஒரே வகுப்பு, 32. பதிவானால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முழுப் பதிவு முடிய நெடுநாள் எடுக்கும். ஆனால் அதே பெயர் வேறு யாரிடமும் இருக்கிறதா என்ற தேடலை மட்டுமாவது லேபலுக்கு முன் செய்துவிடுங்கள்.

4. பி.எச்.ஐ. வரும் நாள்

மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எனக்கு வந்தவர் முதல் தடவை சம்மதிக்கவில்லை, ஆனால் காரணங்களை ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். அந்த அரை மணி நேரத்தில் நான் படித்தது பெரிது.

தரையையும் சுவரையும் பார்த்தார், தலையாட்டினார். ஜன்னலுக்கு இலையான் வலை இருந்தது. சரி என்று நினைத்தேன். பிறகு பிரிட்ஜுக்கு முன்னால் குந்தி, கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். உள்மடிப்பு முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பழைய பிரிட்ஜ், வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன், அந்த மடிப்பை நான் திறந்தே பார்த்ததில்லை. அதே விரலால் கெக்கின் மூடி வளையத்தைத் தொட்டார். அங்கேயும் பிசுபிசுப்பு.

அவர் கேட்டவற்றைச் சொல்கிறேன். கை கழுவ ஒரு தொட்டி, பாத்திரம் கழுவ வேறு தொட்டி. மூடியுள்ள குப்பைவாளி. கழிப்பறைக் கதவு தயாரிக்கும் அறைக்குள் திறக்கக் கூடாது. கழுவக்கூடிய, வெளிர் நிறச் சுவர். வேலை செய்பவர் எல்லோருக்கும் மருத்துவச் சான்று. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. தொப்பி, ஏப்ரன். சுத்தம் செய்த தேதி எழுதிய ஒரு கொப்பி. இந்தக் கொப்பியை இன்றுவரை எழுதுகிறேன், மிகவும் உதவுகிறது.

கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்பார்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உங்கள் அளவுக்குத் தேவையா என்று அதே நடையில் கேட்டு முடித்துவிடுங்கள்.

காலம் முக்கியம்: வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். எனக்கு நவம்பரில் கிடைத்தது, ஜனவரியில் மறுபடி வரிசை. வருடத் தொடக்கத்தில் விண்ணப்பம் போகும்படி உங்கள் வேலைகளை அமையுங்கள்.

5. அளவை நிலைநிறுத்துங்கள்

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். செய்முறையைப் பரீட்சித்து, கிராம் கணக்கில் எழுதி, இனி மாற்றமாட்டேன் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். என் 19 லீற்றர் கெக்குக்கான கணக்கு: இஞ்சி 1.2 கிலோ, சீனி 1.7 கிலோ, தேசிக்காய்ச் சாறு ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், மிச்சம் வடிகட்டிய நீர்.

பெரிய, சதைப்பற்றான இஞ்சி பார்வைக்கு நன்றாக இருக்கும், காரம் குறைவு. சிறிய, நார் மிகுந்த உள்ளூர் இஞ்சிதான் தொண்டையில் பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் நடுவார்கள், டிசம்பர் முதல் கிண்டுவார்கள். அறுவடைக் காலத்தில் வாங்கிச் சாறாக்கி உறையவைத்தால் மிச்சம். விலை பல மடங்கு ஏறி இறங்கும். கிலோ 1,200 ரூபாவுக்கும் வாங்கினேன், 3,000 ரூபாவுக்கும் வாங்கினேன். ஒரு கெக்கில் 70 போத்தல் (250 மில்லிலீற்றர்) வரும் என்றால், அந்த வித்தியாசம் மட்டும் போத்தலுக்கு 31 ரூபா. விலை போடும்போது குறைந்த இஞ்சி விலையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இஞ்சியை அரைத்துப் பிழிந்ததும் சாற்றை ஒரு உயரமான போத்தலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளை மா படியும், விரல் கனத்துக்கு. மேலே நிற்கும் சாற்றை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். இதைச் செய்யாமல் நேரே சூடாக்கினால் மா வெந்து கஞ்சி போல் ஆகிவிடும். போத்தலும் கலங்கலாக நிற்கும். தெளிந்த சாறு, சீனிப் பாகு, தேசிக்காய்ச் சாறு மூன்றையும் சேர்த்து 80 பாகை செல்சியஸுக்கு மேல் சில நிமிடம் வைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றுங்கள்.

வாயு குளிரில்தான் கரையும். பானத்தை 4 பாகைக்குக் கொண்டுவந்து, 25 முதல் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு தேங்கும், மணமும் இல்லை. மூடிய சின்ன அறையில் அது ஆபத்து.

6. ஆய்வுகூடம்: இங்கேதான் நான் வழுக்கினேன்

கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் உட்பட, உணவுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்கள் கொழும்பிலேயே இருக்கின்றன. முதலில் என்ன பரிசோதனை, எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை போத்தல் மாதிரி தேவை என்று எழுத்தில் விலைக்கூற்று வாங்குங்கள். நான் கேட்டவை: மொத்தச் சீனி, பி.எச். (புளிப்பின் அளவு), ஈஸ்ட் மற்றும் பூஞ்சணம், கோலிபோம் பக்டீரியா. எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஏன் சீனி? 2016 முதல் குளிர்பான லேபலில் சீனி அளவுக்கேற்ற நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2 க்குக் குறைவு பச்சை. என் முதல் செய்முறையில் கெக்குக்கு 2.2 கிலோ சீனி. மனக்கணக்கில் "10 கிராம் அளவில் வரும்" என்று செம்மஞ்சள் அடையாளத்தோடு லேபலை அடித்துவிட்டேன். அறிக்கை வந்தது: 11.6. சிவப்பு. 2,200 கிராமை 190 ஆல் (19 லீற்றரில் 190 தடவை 100 மில்லிலீற்றர்) பிரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 16,000 ரூபா போனது. அதைவிட வலித்தது, கடைக்குக் கொடுத்த நாள் தள்ளிப்போனது.

சீனியை 1.7 கிலோவாகக் குறைத்து மறுபடி கொடுத்தேன், 9 க்குக் கீழே வந்தது. குடிப்பவர்கள் இப்போதுதான் இஞ்சி தெரிகிறது என்கிறார்கள். ஆகவே முதலில் அறிக்கை, பிறகு அச்சு. இதை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள்.

சீனி சேர்த்த பானங்களுக்கு 2017 இல் சீனியளவைப் பொறுத்த தீர்வை ஒன்றும் கொண்டுவரப்பட்டது. விகிதம் இடையிடையே மாறியிருக்கிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் இருங்கள். அந்தக் காசு வீண் போகாது.

7. லேபல்

பானத்தின் பெயரை மூன்று மொழியிலும் போடுங்கள். சேர்மானங்கள், நிகர அளவு, உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயரும் முகவரியும், உச்ச சில்லறை விலை, சீனி அடையாளம். பாதுகாப்புப் பொருள் சேர்த்தால் அதையும் எழுத வேண்டும். 'பியர்' என்ற சொல்லுக்கு அருகிலேயே "மதுசாரமற்றது" என்று அதே கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கட்டும். சமிபாட்டுக்கு நல்லது, சளி போகும் என்றெல்லாம் போடாதீர்கள். வீட்டில் பாட்டி சொல்வது வேறு, லேபலில் எழுதுவது வேறு.

தமிழை வடிவாகப் பாருங்கள். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், புள்ளி விழும். நம் மொழி நம் போத்தலிலேயே பிழையாக நிற்கக் கூடாது. அச்சுக்கு முன் ஒரு தாளில் அடித்து, வாய்விட்டு வாசியுங்கள்.

முதல் தடவை 200 மட்டும் டிஜிட்டலில் அடியுங்கள். ஒன்றின் விலை கூடத்தான், ஆனாலும் இழப்பு குறைவு. பார்கோட் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகும்போதுதான் தேவை (நம் நாட்டு இலக்கம் 479 இல் தொடங்கும்). தெருக்கடைக்கு வேண்டாம்.

8. போத்தலா, கெக்கா?

கெக்கில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு உணவகத்தில் ஒரு டெப் வைத்துக் கொடுத்தால் போத்தல், மூடி, லேபல் செலவு இல்லை. பானம் எப்போதும் குளிரில் இருக்கும். குடிப்பவர் முகத்தை நீங்களே பார்க்கலாம். போத்தலுக்குப் போனால் குளிர்பானத்துக்கென்றே செய்த பிளாஸ்டிக் போத்தலை வாங்குங்கள். தண்ணீர்ப் போத்தல் தாங்காது. பழைய பியர் போத்தலைக் கழுவிப் பாவிக்கவே வேண்டாம், கீறல் விழுந்த கண்ணாடி அழுத்தத்தில் வெடிக்கும்.

9. கடையில்

ஒரு கடைக்கு 24 போத்தல் கொடுத்தேன். நாலாம் நாள் முதலாளி அழைத்தார். போய்த் தொட்டுப் பார்த்தால் போத்தல்கள் கல் மாதிரி இறுகி, அடி உருண்டு, நிறுத்தினால் ஆடுகின்றன. கரண்ட் பில்லுக்காக இரவில் பிரிட்ஜை நிறுத்துகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கிருந்தோ ஈஸ்ட் புகுந்து உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் திருப்பி எடுத்து, திறந்து, தொட்டியில் ஊற்றினேன்.

அன்றிலிருந்து ஒரு கடைக்குக் கொடுக்க முன் இரவு எட்டு மணிக்குப் போய் பிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். "அண்ணை, ராவிலயும் ஓடுமோ?" என்று நேராகவே கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒருதடவை போய் ஒவ்வொரு போத்தலையும் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்லது. அசையவே மாட்டேன் என்றால் உடனே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு போத்தலை உங்கள் வீட்டு மேசையில், பிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். கடையில் என்ன நடக்கும் என்பதை அவை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லும்.

கடனுக்குக் கொடுப்பது தவிர்க்க முடியாதது. முதல் பில் தீராமல் மூன்றாம் பெட்டி இறக்காதீர்கள்.

10. எனக்கு ஆன செலவும் நாளும்

பழைய கெக் இரண்டு 70,000 ரூபா. சிலிண்டரும் ரெகுலேட்டரும் 65,000. பழைய கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் 95,000. ஓடு, வலை, தொட்டி வேலை 1,10,000. இரண்டு தடவை ஆய்வுகூடம் 42,000. வீணானதும் சேர்த்து லேபல் 25,000. நொத்தாரிசு, பிரதி, ஓட்டோ என்று 18,000. மொத்தம் 4 இலட்சத்து 25 ஆயிரம். அரசாங்கக் கட்டணங்கள் இதில் மிகச் சிறிய பங்கு. அவை மாறும் என்பதால் இங்கே போடவில்லை, அந்தந்தக் கவுண்டரில் அன்றைய தொகையைக் கேளுங்கள்.

ஜூனில் தொடங்கி ஜனவரியில் முதல் பெட்டி கடைக்குப் போனது. ஏறத்தாழ எட்டு மாதம். குத்தகைக் கடிதமும் பெயர்ப் பதிவும் முதல் மூன்று வாரத்தில், இடத்தைத் திருத்திக்கொண்டே செய்முறைப் பரீட்சை அடுத்த ஐந்து வாரத்தில், பி.எச்.ஐ. பார்த்த கையோடு ஆய்வுகூடத்துக்கு மாதிரி, அறிக்கை வந்த அன்று லேபல் என்று போயிருந்தால் மூன்றரை மாதத்தில் முடிந்திருக்கும். செப்டெம்பரில் தொடங்க எண்ணியிருந்தால் இடத்தையும் செய்முறையையும் வருடக் கடைசிக்குள் முடித்து, அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை ஜனவரி முதல் வாரத்தில் கொடுங்கள். உள்ளூர் இஞ்சியும் அப்போதுதான் சந்தைக்கு வரும். ஏப்ரல் வெயிலுக்கு முன் கெக் நிறைந்திருக்கும்.